கருமருந்து ரிவால்வர்: வீட்டில் வைக்க எது, இடுப்பில் சுமக்க எது

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்க எண்ணும் ஒருவருக்குக் கருமருந்து ரிவால்வரைப் பற்றிய முதல் செய்தி பெரும்பாலும் சட்டத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. பின்னணி விசாரணை கிடையாது, கடையில் படிவம் நிரப்ப வேண்டியதில்லை, பல மாநிலங்களில் அஞ்சலிலேயே வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில் இரண்டு வேறு முடிவுகள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. இப்படியொரு துப்பாக்கியைச் சொந்தமாக வைத்துக்கொள்வதா என்பது ஒரு கேள்வி. அதைத் தற்காப்புக்காக இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்குவதா என்பது வேறொரு கேள்வி. ஹூஸ்டனுக்கு வெளியே குடியிருந்து, பல ஆண்டுகளாக இவ்வகை ரிவால்வர்களைச் சுட்டும் கழுவியும் பழகியவன் என்ற முறையில், முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்பேன். இரண்டாவதற்கு அதே உறுதியோடு வேண்டாம் என்பேன். ஏன் என்பது துப்பாக்கியின் வேலைப்பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும்.

இந்த வகைத் துப்பாக்கியில் தோட்டா என்று ஒன்று கிடையாது. மருந்து தனி, ஈயக் குண்டு தனி, கேப் தனி. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுழலும் உருளையின் அறைகளில் இவற்றை ஒவ்வொன்றாக நிரப்பியாக வேண்டும். முதலில் அளவுக் குழாயிலிருந்து சுமார் 30 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 2 கிராம் மருந்து ஓர் அறைக்குள் போகிறது. அதன் மேல், அறையின் வாயைவிடச் சற்றே பெரிதான ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் மடங்கியிருக்கும் நெம்புகோலை இறக்கி உள்ளே அழுத்த வேண்டும். அழுத்தும்போது குண்டின் விளிம்பு சீவப்பட்டு, மெல்லிய ஈய வளையம் ஒன்று வெளியே வந்து விழும். பழகியவர்களின் கண் அந்த வளையத்தின் மேல்தான் இருக்கும். முழு வட்டமாக வந்தால் குண்டு அறையை இறுக அடைத்துவிட்டது என்று பொருள். வளையமே வராவிட்டால் குண்டு சிறியது, பக்கத்து அறை வெடிக்கும் தீ இதற்குள்ளும் புகுந்து ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அறைகள் வெடிக்க இடமுண்டு. காலிபர் என்பது குழல் துளையின் அளவு; இன்று கிடைக்கும் 44 காலிபர் நகல்களுக்கு 0.451 அல்லது 0.454 அங்குலக் குண்டும், 36 காலிபருக்கு 0.375 அங்குலக் குண்டும் கேட்பது இதற்காகத்தான்.

கடைசியில் கேப். உருளையின் பின்பக்கம் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிப்பிள் உண்டு. குழாய் வேலைக்காரர்கள் சொல்லும் அதே சொல்தான், அதே போலத் துளையுள்ள சிறிய உலோகத் துண்டுதான். அதன் மேல் செம்பினால் ஆன கேப்பை விரலால் அழுத்தி மாட்ட வேண்டும். தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கும் பொட்டு வெடியை உளுந்து அளவுள்ள செம்புக் கிண்ணத்துக்குள் வைத்தது போல இருக்கும். சுத்தி விழ, கேப் வெடித்து, நிப்பிளின் துளை வழியே தீ பாய்ந்து மருந்தைப் பற்ற வைக்கிறது. நிதானமாகச் செய்தால் ஆறு அறைகளையும் நிரப்ப ஐந்து நிமிடமாவது பிடிக்கும். சுட்டவுடன் எழும் வெண்புகையும் கந்தக வாசனையும், ஊரில் தீபாவளி விடியற்காலைத் தெருவில் நின்ற எவருக்கும் புதியவை அல்ல. வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த அதே கலவைதானே.

சட்டம் இங்கேதான் நுழைகிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898 வரையில் தயாரான துப்பாக்கிகளையும், இன்றைய தோட்டாக்களைச் சுட முடியாத அவற்றின் நகல்களையும் பழம்பொருள் என்று வகைப்படுத்தி, துப்பாக்கி என்ற சொல்லின் வரையறையிலிருந்தே எடுத்துவிட்டது. அதே தாராளம் மருந்துக்கும் உண்டு. பழம்பொருள் துப்பாக்கிகளில் விளையாட்டுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பயன்படுத்தும் கருமருந்தை 50 பவுண்டு வரை கூட்டாட்சியின் வெடிபொருள் உரிமம் இல்லாமல் வாங்கலாம். ஆனால் இவை கூட்டாட்சிச் சட்டம் மட்டுமே, மாநிலம் தன் வழியில் போகிறது. நான் வாழும் டெக்சாஸ் தன் குற்றவியல் சட்டத்திலும் இவ்வகை நகல்களைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. நியூஜெர்சியில் இதே ரிவால்வரை வாங்குவதற்கும் மற்றக் கைத்துப்பாக்கிகளுக்கு உரிய அனுமதிச் சீட்டு வேண்டும். நியூயார்க்கில் வெறும் துப்பாக்கியாகச் சுவரில் மாட்டியிருக்கும் வரை சிக்கலில்லை. அதனோடு மருந்தும் குண்டும் கேப்பும் சேர்ந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. கூட்டாட்சி விலக்கை மட்டும் நம்பி ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் காரில் கொண்டுபோவது பெரிய தவறாகிவிடக்கூடும்.

நம்மவர்கள் பலர் வேலை விசாவில் இங்கே இருப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தகைய விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. மாநில வேட்டை உரிமம் முறைப்படி பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. பழம்பொருள் வகை அந்தத் தடைக்குள்ளேயே வராது என்பது ஏட்டளவில் சரி. ஆனாலும், மாநிலச் சட்டம் வேறு சொல்லலாம், குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது தேவையில்லாத ஒரு விளக்கத்தைக் கொடுக்க நேரலாம் என்பதால், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டு வாங்குவதே நல்லது என்று நான் எண்ணுகிறேன். குற்றத் தண்டனையால் துப்பாக்கி உரிமையை இழந்தவர்களுக்கு இது மாற்று வழி என்று சொல்லப்படுவதையும் நம்பிவிடக் கூடாது. பல மாநிலங்கள் அவர்களுக்கு இதையும் மூடிவைத்திருக்கின்றன.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருவோம். சந்தையில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இத்தாலியின் பிரேஷா மாவட்டத்தில் தயாராகும் நகல்கள். உபெர்ட்டி, பியெட்டா ஆகிய இரண்டு பெயர்களே எங்கும் கண்ணில் படும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய 1950களின் கடைசியில் அமெரிக்க வியாபாரி வால் ஃபோர்கெட் இத்தாலியக் கைவினைஞர்களிடம் முதல் நகல்களைச் செய்யச் சொன்னதில் தொடங்கியது இந்தத் தொழில். ஒவ்வொன்றும் கார்டோனே வால் த்ரோம்பியாவில் உள்ள அரசுச் சோதனைக் கூடத்தில் வெடித்துப் பார்க்கப்பட்டு முத்திரை பெற்றே வெளிவருகிறது. ஆகவே கடையில் உண்மையான தேர்வு தயாரிப்பாளருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையில் அவ்வளவாக இல்லை; கோல்ட் வடிவமா, ரெமிங்டன் வடிவமா என்பதில்தான் இருக்கிறது.

கோல்ட்டின் 1851 நேவி என் மனத்துக்கு மிக நெருக்கமானது என்பதை மறைக்கப் போவதில்லை. 36 காலிபர், எண்கோணக் குழல், ஏழரை அங்குல நீளம், ஏறத்தாழ 1.2 கிலோ எடை. கையில் எடுத்தால் முனை தானாகவே இலக்கின் பக்கம் திரும்புவது போலிருக்கும். பிடியின் வளைவு அப்படி. உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி பொறிக்கப்பட்டிருக்கும். 1843 மே 16 அன்று காம்பேச்சே அருகே டெக்சாஸ் குடியரசின் கப்பல்கள் மெக்சிகோவின் கப்பல்களோடு மோதியதை அது காட்டுகிறது. நேவி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அந்தப் படமே காரணம். நிலத்தில் சண்டையிட்டவர்களே அதை அதிகம் சுமந்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை தயாராயின. 1865 ஜூலையில் மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டு சதுக்கத்தில் துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன வைல்டு பில் ஹிக்காக், டேவிஸ் டட் என்பவரை ஏறத்தாழ 75 கஜத் தொலைவிலிருந்து ஒரே குண்டில் வீழ்த்தியதும் கோல்ட் நேவியால்தான் என்று சொல்லப்படுகிறது. 1860 ஆர்மி அதன் பெரிய தம்பி. ஏறக்குறைய அதே சட்டகத்தில், முன்பக்கம் அகன்ற உருளையைப் பொருத்தி 44 காலிபராக்கினார்கள். எடை அதிகம் ஏறவில்லை. வடக்கு ராணுவம் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேல் வாங்கியது.

இவ்வளவு அழகுக்கும் விலை ஒன்று உண்டு. கோல்ட் ரிவால்வர்களில் உருளைக்கு மேலே பட்டை கிடையாது, திறந்த மேற்புறம். குழலும் சட்டகமும், உருளை சுழலும் நடுத்தண்டின் குறுக்கே செருகிய ஓர் ஆப்பினால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஆப்பு தளர்ந்தால் உருளைக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி மாறுகிறது, குறி மாறுகிறது. சில நகல்களில் நடுத்தண்டு இருக்க வேண்டியதைவிடக் குட்டையாக இருப்பதால் இந்தத் தொல்லை வாங்கிய நாளிலிருந்தே இருக்கும். அதைவிடத் தொந்தரவானது கேப். வெடித்த கேப் சில வேளை இரண்டாகப் பிளந்து, சுத்திக்கு முன்னாலுள்ள பிளவுக்குள் விழுந்துவிடும். ஒரு ஜனவரி மாதக் காலையில் சுடுதளத்தில் எனக்கு நடந்தது இது. மூன்றாவது குண்டு போன பிறகு சுத்தியை இழுத்தேன், பாதியில் நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. உள்ளே மூன்று அறைகள் இன்னும் உயிரோடு இருந்தன. குழலை இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு, ஆப்பைத் தட்டி எடுத்து, குழலையும் உருளையையும் கழற்றிப் பார்த்தபோது, சுத்தியின் அடியில் வெள்ளரி விதையின் உமி போல ஒரு செம்புத் துணுக்கு மாட்டிக்கொண்டிருந்தது. ஊசி முனையால் அதை எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தக் காலத்தவர்கள் ஒவ்வொரு முறை சுத்தியை இழுக்கும்போதும் துப்பாக்கியின் முனையை வானத்தைப் பார்க்கத் தூக்குவார்கள். துணுக்கு பின்பக்கமாக வெளியே உதிர வேண்டும் என்பதற்கான பழக்கம் அது. தளத்தில் அந்தப் பத்து நிமிடம் வெறும் அலுப்பு. இருட்டில், உயிருக்கு ஆபத்தான நேரத்தில், அது என்னவாக இருக்கும் என்பதைத்தான் அன்று யோசித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

ரெமிங்டனின் நியூ மாடல் ஆர்மியைக் கடைகளில் 1858 மாடல் என்று அழைக்கிறார்கள். அந்த ஆண்டு குழலில் பொறித்த காப்புரிமைத் தேதியிலிருந்து வந்தது. துப்பாக்கி தயாரானது 1863க்கும் 1875க்கும் இடையில், நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரில். உருளையின் மேலே இரும்புப் பட்டை ஓடுவதால் சட்டகம் ஒரே துண்டு. ஆப்பு இல்லை, தளர்வும் இல்லை. 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்டில் கோல்ட்டின் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. போரின் எஞ்சிய காலத்தில் ராணுவம் ரெமிங்டனையே பெரிதும் வாங்கியது. பின்குறி சட்டகத்திலேயே செதுக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கிறது. கோல்ட்டிலோ பின்குறி சுத்தியின் நுனியில் வெட்டிய ஒரு சிறு பள்ளம். சுத்தியை இழுத்த பிறகுதான் கண்ணுக்கே தெரியும். நெம்புகோலைக் கொஞ்சம் இறக்கி, தண்டை இழுத்தால் ரெமிங்டனின் உருளை கையில் உருண்டு விழும். கழுவும்போது இது எவ்வளவு பெரிய வசதி என்பது கோல்ட்டின் ஆப்பை மரச்சுத்தியால் தட்டிப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

ரெமிங்டனுக்கும் ஒரு குறை உண்டு, அதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. அதன் உருளைத் தண்டு ஒல்லியானது. கருமருந்தின் புகைக்கரி அதில் படிந்து, இரண்டு மூன்று சுற்று சுட்டதும் உருளை திருகாணி போல இறுகிக்கொள்ளும். தண்டைத் துடைத்து எண்ணெய்ப் பசை தடவினால்தான் மறுபடி சுழலும். கோல்ட்டின் நடுத்தண்டு பருமனானது, பசை தங்குவதற்குச் சுற்றிலும் வரிப்பள்ளமும் உண்டு. ஆகவே ஒரு காலை முழுவதும் சுட்டாலும் அது சுழன்றுகொண்டே இருக்கும். ஆக, ஒன்றில் கேப் சிக்குகிறது, மற்றதில் உருளை இறுகுகிறது. இரண்டில் எது பொறுத்துக்கொள்ளக்கூடியது என்றால், முன்கூட்டியே தெரிந்து தடுக்கக்கூடியதே. உருளை இறுகுவது விரலுக்குத் தெரியும், படிப்படியாக வரும். கேப் சிக்குவது சொல்லாமல் வரும். முதல் துப்பாக்கியாக எஃகுச் சட்டகமுள்ள ரெமிங்டன் 44ஐயே நான் பரிந்துரைப்பதற்கு இதுதான் காரணம். நேவியை இரண்டாவதாக வாங்கிக்கொள்ளலாம். வாங்காமல் யாரும் இருந்து நான் பார்த்ததில்லை.

பித்தளைச் சட்டகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பொன் போல மின்னும், எஃகைவிட விலையும் குறைவு, அதனால் புதியவர்களின் கை முதலில் அதன் மேலேயே போகும். போர்க்காலத்தில் இரும்பு கிடைக்காமல் தெற்கு மாநிலங்கள் பித்தளையில் செய்தது உண்மை. ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட்வில்லில், பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட தொழிலாளர்களைக் கொண்டு, 1864 நவம்பரில் ஆலை எரிக்கப்படும் வரை அப்படித் தயாரித்தார்கள். ஆனால் அவை 36 காலிபர். இன்று விற்கும் பித்தளைச் சட்டக 44 நேவி வரலாற்றில் இருந்ததே இல்லை. மென்மையான உலோகத்தில் கனமான மருந்தை வைத்துச் சுடச் சுட, உருளையின் பின்முகம் சட்டகத்தில் தன் அச்சைப் பதித்து, நடுத்தண்டு தளர்ந்து, சில நூறு குண்டுகளிலேயே துப்பாக்கி கெட்டுவிடக்கூடும். 20 கிரெய்னைத் தாண்டாமல் எப்போதாவது சுடுபவருக்குப் போதும். மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்துவைத்து எஃகு வாங்குவதே நல்லது.

ரூகர் நிறுவனம் 1972 முதல் 2008 வரை தயாரித்த ஓல்ட் ஆர்மி இவை எல்லாவற்றையும்விட உறுதியானது. பட்டை வில்லுக்குப் பதில் சுருள்வில், துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை, திருத்திக்கொள்ளும் குறி என்று எல்லாம் உண்டு. பழைய சந்தையில் மட்டுமே கிடைக்கிறது, விலையும் நகல்களைவிட மிக அதிகம். சுட மட்டுமே வேண்டும், வரலாற்று வடிவம் வேண்டாம் என்பவருக்கு அதுதான் முதலிடம். 19ஆம் நூற்றாண்டு அசல்களைச் சேகரிப்பவர்கள் சேகரிக்கட்டும்; அவற்றில் மருந்து வைத்துச் சுடுவதை நான் ஏற்பதில்லை.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது போன்றதே. அசல் கருமருந்தில் மூன்று எஃப் என்ற நுண்மையான தரமே ரிவால்வருக்கு உரியது. சட்டென்று பற்றும், நம்பகமாகப் பற்றும். ஆனால் அது வெடிபொருளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால் சாதாரணக் கடைகள் வைத்து விற்கத் தயங்குகின்றன. லூசியானாவின் மிண்டனில் இருந்த கோயெக்ஸ் ஆலை 2021இல் மூடப்பட்டபோது நாங்கள் எல்லோரும் கைகட்டி நின்றோம். அடுத்த ஆண்டு எஸ்டஸ் நிறுவனம் அதை வாங்கிய பிறகே மூச்சு வந்தது. மாற்று மருந்துகளான பைரோடெக்ஸும் டிரிப்பிள் செவனும் எளிதில் கிடைக்கும், ஆனால் பற்றுவதற்கு இன்னும் சூடான தீ வேண்டும். கேப்பும் நிப்பிளும் சரியாகப் பொருந்தாவிட்டால் சுத்தி விழுந்து அரை நொடி கழித்துத்தான் வெடிக்கும், சில வேளை வெடிக்கவே வெடிக்காது. டிரிப்பிள் செவன் அசலைவிட வீரியமானது என்பதால் அளவைக் குறைத்து நிரப்ப வேண்டும். இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையற்ற மருந்தை மட்டும் ஒரு சிட்டிகைகூட இதில் போடக் கூடாது. உருளை சிதறும், கை போகும்.

இப்போது சுமப்பதைப் பற்றி. ஆற்றல் போதாது என்று சிலர் சொல்வது சரியான வாதம் அல்ல. 44 ரிவால்வரின் 9 கிராம் குண்டு சாதாரண 38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு ஈடான ஆற்றலோடு பாய்கிறது. 36 நேவி அதைவிடக் குறைவுதான், இருந்தும் ஆளைக் கொல்லப் போதுமானது. கோல்ட்டின் 1849 பாக்கெட் ரிவால்வர், 31 காலிபர் மட்டுமே கொண்ட சின்னஞ்சிறு துப்பாக்கி, மூன்று லட்சத்துக்கும் மேல் விற்று, தங்க வேட்டைக் கால கலிபோர்னியாவில் ஏராளமான சட்டைப்பைகளில் இருந்தது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

முதல் சிக்கல் ஈரம். ஹூஸ்டனின் ஆகஸ்ட் மாதம் சென்னையின் மே மாதத்தைப் போன்றது. சட்டைக்குள் இருக்கும் எதுவும் நனையாமல் இருப்பதில்லை. மருந்து ஈரத்தை உறிஞ்சும். துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெயே நிப்பிள் வழியாக இறங்கி மருந்தைக் கெடுத்துவிடும். போர்க்கால ராணுவ உறைகளில் அகன்ற தோல் மூடி இருந்தது அலங்காரத்துக்காக அல்ல. மழையிலிருந்து மருந்தையும் கேப்பையும் காப்பாற்றத்தான். அந்த மூடியை வைத்துக்கொண்டு விரைவாகத் துப்பாக்கியை உருவ முடியாது. மூடி இல்லாத இன்றைய உறையில் வைத்தால், நடையின் குலுக்கலில் கேப் ஒன்று நழுவி விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அந்த அறை அன்று வெடிக்காது.

இரண்டாவது, கேப் மாட்டிய நிப்பிளின் மேல் சுத்தி படிந்திருந்தால் துப்பாக்கி கீழே விழும்போது வெடிக்கக்கூடும். ரெமிங்டனில் நிப்பிள்களுக்கு இடையில் பள்ளங்கள் உண்டு. சுத்தியை அங்கே இறக்கி வைத்தால் ஆறு அறைகளையும் பாதுகாப்பாக நிரப்பலாம். கோல்ட்டில் அந்த வேலையைச் செய்யும் சிறு முனைகள் நாளடைவில் தேய்ந்துவிடுவதால் ஓர் அறையைக் காலியாக விடுவதே வழக்கம். மிஞ்சுவது ஐந்து. அரைக் கிலோவுக்கும் குறைவான எடையில், கால்சட்டைப் பைக்குள் அடங்கும் இன்றைய 38 ரிவால்வரிலும் ஐந்துதான். ஒரு கிலோவுக்கு மேல் சுமந்து அதே ஐந்தைப் பெறுகிறோம்.

எனக்கு மிகவும் கனமாகப் படுவது மூன்றாவது. நிரப்பிய கேப் ரிவால்வரைக் காலி செய்ய நல்ல வழி சுட்டுத் தீர்ப்பதுதான். இல்லாவிட்டால் உருளையைக் கழற்றி, நிப்பிள்களைத் திருகி எடுத்து, குண்டைப் பின்னாலிருந்து தள்ள வேண்டும். நவீன ரிவால்வரை மாலையில் வீட்டுக்கு வந்ததும் திறந்து ஐந்து தோட்டாக்களையும் உள்ளங்கையில் கொட்டிவிடலாம். குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டில், வாரக்கணக்கில் நிரப்பியபடியே கிடக்கும் துப்பாக்கியை நான் வைக்க மாட்டேன். உங்களையும் வைக்கச் சொல்ல மாட்டேன். கேப்பை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். மருந்து உள்ளே இருக்கும் வரை அது நிரப்பிய துப்பாக்கியே.

அறைக்குள் சுட்டால் முதல் குண்டிலேயே புகை கண்ணை மறைக்கும். இரண்டாவது குண்டு எங்கே போகிறது என்று தெரியாது. ஐந்தும் தீர்ந்தால் மறுபடி நிரப்பும் பேச்சே இல்லை. இந்தத் துப்பாக்கிகளைச் சுமந்தே உயிர் வாழ்ந்த, உள்நாட்டுப் போர்க்கால மிசூரியின் கொரில்லாக் குதிரைவீரர்கள் ஒன்றை நம்பி இருக்கவில்லை. இடுப்பிலும் சேணத்திலுமாக நான்கு ஐந்து ரிவால்வர்களைச் செருகிக்கொண்டார்கள். அவர்களுக்கு அன்று வேறு வழி இல்லை, நமக்கு உண்டு. சட்டம் இந்த வகையை ஒதுக்கி விட்டதற்கும், தற்காப்புக்கு இது ஒத்துவராததற்கும் வேர் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. நிரப்ப நேரமாகும், நனைந்தால் வெடிக்காது, சிக்கினால் கழற்ற வேண்டும் என்பதால்தான் இதைப் பற்றி யாரும் அவ்வளவு அஞ்சவில்லை.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயதான, சட்டத் தடையில்லாத ஒருவர் உரிமம் இல்லாமலேயே நவீனக் கைத்துப்பாக்கியைச் சுமக்கலாம். ஆகவே இங்கே கேப் ரிவால்வரைச் சுமப்பதால் சுமக்கும் உரிமத்துக்கான படிவம்கூட மிச்சமாவதில்லை என்றே சொல்லலாம். அந்த உரிமம் உண்மையிலேயே கடினமாக இருக்கும் மாநிலங்களிலோ, மறைத்துச் சுமப்பதைப் பற்றிய சட்டம் பழம்பொருளையும் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. மேலும், தற்காப்பில் ஒருவரைச் சுட நேர்ந்தால், கையில் இருந்தது 1851 வடிவமா நேற்று வாங்கியதா என்று நீதிமன்றம் பார்க்காது. கொல்லும் அளவு பலத்தைப் பயன்படுத்தியது நியாயமா என்றே பார்க்கும். தோட்டா போடும் மாற்று உருளை ஒன்றைப் பொருத்திக்கொண்டால் நம்பகம் கூடும் என்பது உண்மை. ஆனால் அதைப் பொருத்திய கணத்தில் அது கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் முழுத் துப்பாக்கியாகிவிடுகிறது, எந்த விலக்கை நம்பி வாங்கினோமோ அதுவும் போய்விடுகிறது. விமானத்திலும் இதைக் கொண்டுபோவது எளிதல்ல. கருமருந்தையும் கேப்பையும் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் முடியாது.

சொந்த நிலத்தில் வேலி பார்க்கப் போகும்போதோ, காட்டில் முகாமிட்டிருக்கும் ஒரு நாளிலோ, காலையில் நிரப்பி மூடி உறையில் வைத்து, மாலையில் மண்மேட்டில் சுட்டுத் தீர்த்துவிட்டு வருவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். நானே செய்கிறேன். அங்கே அவசரம் இல்லை, அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை, நிரப்பியது அன்றே காலியாகிறது.

வாங்குபவர் துப்பாக்கியின் விலையை மட்டும் கணக்கில் வைக்கக் கூடாது. எஃகுச் சட்டக நகல் ஒன்று சுமார் 300 முதல் 450 டாலருக்குள் கிடைக்கிறது. அதோடு மருந்து அளவுக் குழாய், கேப் மாட்டி, நிப்பிள் திருகி, குண்டு, பசை என்று இன்னும் நூறு டாலராவது ஆகும். 2020க்குப் பிறகு கேப்புகளுக்குப் பல முறை தட்டுப்பாடு வந்ததால், கண்ணில் பட்டபோது இரண்டு டப்பா வாங்கிவைப்பது பழக்கமாகிவிட்டது. கேப் ஓர் அலமாரியிலும் மருந்து இன்னோர் அலமாரியிலும் இருக்க வேண்டும், இரண்டும் பூட்டியிருக்க வேண்டும்.

பிறகு கழுவுதல். சுட்ட அன்றே கழுவ வேண்டும். கருமருந்து எரிந்த பின் எஞ்சும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். ஒரு முறை களைப்பினால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், காலையில் குழலின் உட்புறம் செங்கல் நிறத்தில் பூத்திருந்தது. விலையுயர்ந்த கரைப்பான் எதுவும் தேவையில்லை. சுடுநீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போதும். உருளையைக் கழற்றி, ஆறு நிப்பிள்களையும் திருகி எடுத்து, வாளியில் ஊறப்போட்டு, குழலுக்குள் தூரிகை விட்டுத் தேய்க்க, தண்ணீர் முதலில் மைக் கறுப்பாகவும் பிறகு சாம்பல் நிறமாகவும் மாறி, மூன்றாவது வாளியில்தான் தெளியும். அதன் பிறகு அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்தி, எண்ணெய் தடவி, பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு நிப்பிள் துளையையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இதற்கு எனக்கு ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் ஆகிறது. சுட்ட நாளெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தை ஒதுக்க மனமுள்ளவர் ரெமிங்டனை வாங்கலாம்.